வடிகாலுக்கு மேற்கே

மெல்பேர்ணின் மேற்கு ஓரத்து ட்ருகனினாவில் காற்றை மறிக்க மரமோ மதிலோ கிடையாது. 2011 ஒக்டோபர் முழுக்க அது அடித்துக்கொண்டேயிருந்தது. நிரஞ்சினி கணுக்கால் தண்ணீரில் ரப்பர் பூட்ஸோடு குந்தியிருந்து, முன்னால் கிடந்த ஒரு மீற்றர் சதுரச் சட்டத்துக்குள் என்னென்ன செடிகள் நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீதியால் கொள்கலன் லொறி போகும்போதெல்லாம் தண்ணீர் மெல்ல நடுங்கியது. இரண்டு தடவை பார்த்து முடித்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை. மூன்றாம் தடவையும் பார்த்தாள்.

வீடுகள் எழும்பப்போகும் நிலத்துக்கு முதலில் போய், அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவளுடைய வேலை. மெல்பேர்ணில் அப்படியான ஒரு சின்ன நிறுவனத்தில் தாவரவியலாளராக இருந்தாள். இந்த நிலம் செம்மறிகள் மேய்ந்த புல்வெளி. அதன் ஒரு மூலையில் அகலமான, ஆழமில்லாத பள்ளம். குளிர்காலத்தில் நிரம்பும், கோடையில் வெடித்துக் காயும். நீண்ட வறட்சி போய் நல்ல மழை பெய்த வருடங்கள் அவை. பள்ளம் விளிம்புவரை நிறைந்திருந்தது. அதன் நடுவால் யாரோ பழைய சொந்தக்காரர் ஒரு வடிகால் வெட்டியிருந்தார். வடிகாலுக்குக் கிழக்கே மண் கொட்டப்பட்டிருந்தது, லொறித் தடமும் ஓடியது. மேற்குப் பக்கத்தை ஆடுகளைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை.

வெங்கட்ராமன் தன் யூட்டை, பின்பக்கம் திறந்த சின்ன லொறியை, தடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அங்கே வீட்டுத் திட்டம் போட்டிருந்த கம்பனியின் மேலாளர் அவர். ஊர் திருச்சி. குளிர் நாட்களில் அவளுக்கும் சேர்த்து ஃப்ளாஸ்கில் காப்பி கொண்டுவருகிறவர்.

"நம்பர் ஏதாவது வந்திருக்கா நிரஞ்சினி? ஆபீஸ்ல கேட்டுட்டே இருக்காங்க."

"இன்னும் முடியேல்லை. இப்போதைக்குக் கிழக்கிலை அறுபது வகைக்கு மேலை. மேற்கிலை நாற்பதுக்குக் கிட்ட."

அவர் வடிகாலின் இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "அதாவது, வெட்டி, கொட்டி, வண்டி ஓட்டின பக்கம்தான் செடி ஜாஸ்தியா?"

"ஓம். எண்ணிக்கையிலை."

"அப்போ பிரச்சினையே இல்லையே. வடிகாலை மேற்கேயும் நீட்டிடலாம். செடி கூடத்தானே செய்யும்? ரிப்போர்ட்ல அந்த ஒரு வரி போதும் எங்களுக்கு."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அவள் எழும்பி நின்று, "அப்பிடி இல்லை வெங்கட்" என்று தொடங்கினாள். அதற்குள் அவருடைய தொலைபேசி அடித்தது. கையைக் காட்டிவிட்டு, பேசியபடியே போய்விட்டார்.

அந்த எண்களை அவள் முன்னரும் பார்த்திருக்கிறாள். கலாநிதிப் பட்டத்துக்காக டார்வினுக்குத் தெற்கே, புல்லும் மரமும் கலந்த சவன்னாவில், பனையின மரங்கள் நிற்கும் சதுப்புகளில் மூன்று கோடை வேலை செய்தவள் அவள். எருமைகள் மிதித்து, வாகனங்கள் புகுந்து, ஓரம் வெட்டி வடியவிட்ட சதுப்புகளில்தான் அங்கேயும் அதிக வகைச் செடிகள் இருந்தன. முதல் வருடம் அவளுக்கே அது சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் வருடம்தான் விளங்கியது. காய்ந்துபோன ஓரத்தில் மேட்டுநிலப் புற்கள் குடியேறியிருந்தன, சக்கரத்தோடும் குளம்போடும் வந்த களைகள் இடம் பிடித்திருந்தன. தண்ணீரில் மட்டுமே வாழத் தெரிந்த சின்னச் செடிகள் சத்தமில்லாமல் போய்விட்டிருந்தன. பத்து போக இருபது வந்தால் கணக்கில் லாபம். நெடிய மரங்கள் நின்றபடி நின்றதால் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால், அவற்றின் கீழே ஒரு கன்றுகூட இல்லை.

இதை வெங்கட்ராமனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே அடுத்த சட்டத்தைப் போட்டாள்.

*

ஞாயிறு மத்தியானம் டார்னெய்ட்டில் அக்கா வீட்டுக்குப் போனாள். பவளராணி அவளைவிட ஏழு வயது மூத்தவள். நிரஞ்சினி படிப்புக்கென்று முன்னரே வந்துவிட்டாள். பவளராணியும் கணவன் வரதராஜாவும் வன்னியிலிருந்து மன்னார் வழியாக இந்தியாவுக்குப் போய், தங்கச்சி விசாவுக்குப் பொறுப்பெடுத்ததில் மூன்று வருடங்களுக்கு முன்னர் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தவர்கள். வரதராஜா ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வாடகை வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் அறிவித்திருந்தார்.

"அவன் வித்தாலும் இனிக் கவலை இல்லை," என்று வரதராஜா சாப்பாட்டு மேசையில் ஒரு வழவழத்த படத்தை விரித்தார். நீல நிறத்தில் ஒரு குளம், கரையில் வரிசையாகப் பனை மாதிரி மரங்கள், சுற்றிவர இலக்கமிட்ட கட்டங்கள். "உனக்குச் சொல்லேல்லை. ஒரேயடியாகக் காட்டுவமெண்டு இருந்தனாங்கள். எங்கடை காணி இதுதான்."

அவர் விரல் வைத்த கட்டத்தை நிரஞ்சினி பார்த்தாள். அருகே வீதி வளைந்த விதம் அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது. வடிகால் இருக்கவேண்டிய இடத்தை மனதால் கோடிழுத்தாள். அதற்கு மேற்கே. தண்ணீரின் நட்ட நடு.

"அத்தான், நான் இப்ப அங்கைதான் வேலை செய்யிறன்."

பவளராணிக்கு முகம் மலர்ந்தது. குசினியிலிருந்து கறிச்சட்டியோடு வந்தவள் அதைக் கீழே வைக்காமலே கேட்டாள். "அப்ப காணி எப்ப கையிலை வருமெண்டு உனக்குத் தெரியும்?"

"அக்கா, இருங்கோ." நிரஞ்சினி ஒரு கதிரையை இழுத்துக் கொடுத்தாள். "அது தண்ணி நிக்கிற இடம். அதிலை நிக்கிற செடியள் சிலது இந்தப் பக்கத்திலை வேறை எங்கையும் இல்லை. அந்த இடத்தை விடச்சொல்லி நான் எழுதவேண்டி வரலாம்."

வரதராஜா படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"புல்லுக்காகவோ?" என்றார் வரதராஜா.

"ஓம் அத்தான். புல்லுக்காகத்தான்."

பவளராணி சட்டியை மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "கிளிநொச்சி. பிறகு மல்லாவி. பிறகு மடு. பிறகு இந்தியா. இஞ்சை வந்து சன்ஷைன், பிறகு இந்த வீடு. நான் கட்டின பெட்டியள் சிலது இன்னும் திறக்கவேயில்லை நிரஞ்சி. இன்னொருக்காக் கட்ட என்னாலை ஏலாது."

நிரஞ்சினி சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. அவள் வெளிக்கிட்டபோது வரதராஜா கேற்வரை வந்து, "நீ எழுதாமல் விட்டா வேறை ஆரும் எழுதுவினமோ?" என்று கேட்டார். அவள் கார்ச் சாவியைத் தேடினாள்.

*

திங்கள் காலை முதல் வேலையாக அவள் தன் மேலாளர் மார்கரெட்டிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்காவின் காணி இருக்கிற இடத்தைப் பற்றித் தான் அறிக்கை எழுத முடியாது என்றாள். மார்கரெட் கண்ணாடியைக் கழற்றிவைத்து, சொன்னதற்கு நன்றி என்றார். அறிக்கையைத் தானே எழுதுவதாகவும், அடுத்த திங்கள் இருவரும் இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதுவரைக்கும் எண்ணிக்கையை மட்டும் அனுப்பிவைக்கச் சொன்னார்.

மார்கரெட் பறவைகள் அறிந்தவர். புல் அவருக்கு எண்ணிக்கைதான். கிழக்கே அறுபது, மேற்கே நாற்பது என்று பார்த்தால் அவர் என்ன எழுதுவார் என்று நிரஞ்சினிக்குத் தெரியும். அவரோடு வாதாடலாம். ஆனால் வாதாட வாயெடுத்தபோதெல்லாம் தன் மனதையே அவளால் நம்ப முடியவில்லை. பள்ளத்துக்காகக் கடுமையாகப் பேசினால், தான் நேர்மையானவள் என்று காட்டப் பேசுகிறேனோ என்று இருந்தது. மெல்லப் பேசினால் அக்காவுக்காக மெல்லப் பேசுகிறேனோ என்று இருந்தது. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தாள். தேநீரைப் போட்டுவிட்டு எங்கே வைத்தோம் என்று தேடினாள்.

சனிக்கிழமை முற்பகல் பவளராணி தொலைபேசியில் அழைத்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம், ஒரு வாகனம் உறுமுகிற சத்தம்.

"நாங்கள் காணி பாக்க வந்தனாங்கள். அத்தானின்டை வான் சேத்துக்கை தாண்டுபோச்சு. உனக்கு இடம் தெரியுந்தானே. வா."

நிரஞ்சினி போனபோது கேற் திறந்து கிடந்தது. உள்ளே ஏழெட்டு வாகனங்கள். ஞாயிறு மேசையில் சொன்ன கதை வரதராஜா வழியாகக் கோயிலுக்குப் போய், அங்கிருந்து காணி வாங்கிய எல்லாரிடமும் போயிருந்தது. வீட்டை நிற்பாட்டுகிற அந்தப் புல்லை ஒருக்கால் கண்ணால் பார்ப்போம் என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சிலர் சாப்பாடும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தத்தம் காணியைத் தேடி மேற்குப் பக்கத்தில் ஓட்டியிருக்கிறார்கள். வரதராஜாவின் வான் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இன்னொருவர் கயிறு கட்டி வடிகால் பக்கமாக இழுத்திருக்கிறார். வான் கரையேறவில்லை. சக்கரங்கள் மட்டும் பள்ளத்துக்கும் வடிகாலுக்கும் நடுவே இருந்த சின்ன மேட்டை அறுத்துக்கொண்டு புதைந்திருந்தன.

இந்திரகுமார் என்பவர் அவளை மறித்தார். அவரும் அங்கே காணி வாங்கியவர், கோயில் நிர்வாகத்திலும் இருந்தார். "தங்கச்சி, நீங்கள்தானாம் எங்கடை வீடுகளை நிப்பாட்டப் போறியள்."

"நான் ஒண்டையும் நிப்பாட்டேல்லை அங்கிள். அறிக்கை எழுதிறதும் இப்ப நான் இல்லை."

"எங்கடை ஆக்களே இப்பிடிச் செய்தா..." என்று அவர் தொடங்கினார். நிரஞ்சினிக்கு அது காதில் ஏறவில்லை. வேறொரு சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தம். அந்த நிலத்தில் தண்ணீர் ஓடக்கூடாது. நிற்கத்தான் வேண்டும்.

இரண்டு சக்கரத் தடங்களாலும் பள்ளத்துத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வெட்டுவாய் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்றது. அவள் ஓடிப்போய், கையால் சேற்றை அள்ளி அடைத்தாள். அள்ளிய சேறு அப்படியே கரைந்து போனது. மறுபடி அள்ளினாள். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பெரியவர்கள் வானைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

பிறகு பக்கத்தில் இரண்டு கால்கள் தண்ணீரில் இறங்கின. பவளராணி வானின் ரப்பர் விரிப்புகளை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றை வெட்டுவாயில் நெடுக்காக நிறுத்தி முழங்காலால் அழுத்தினாள்.

"உன்னிலை எனக்குக் கோவம் போகேல்லை. அந்தப் பக்கத்துக் கட்டியைப் புல்லோடை புடுங்கித் தா."

நிரஞ்சினி கிழக்குக் கரையிலிருந்து புல்லும் வேருமாகக் கட்டிகளைப் பிடுங்கிக் கொடுத்தாள். பவளராணி அடுக்கினாள். கொஞ்சத்தில் வரதராஜா வந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாரோ சொல்லி வெங்கட்ராமனும் வந்துவிட்டார். பார்த்ததும் தலையில் கை வைத்தார். திரும்பிப்போய், தன் யூட்டில் மண்வெட்டிகளும் மணல்மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இதுக்கு நான்தான் பதில் சொல்லணும்," என்றார் மூட்டையை இறக்கும்போது. "கேட்டைப் பூட்டாம போனது எங்க ஆளுங்க."

தண்ணீர் நின்றபோது பாதி போய்விட்டிருந்தது. பவளராணி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தாள். கால்மாட்டில் நாலு இதழாக விரிந்த சின்ன இலைகள் சேற்றோடு படிந்து கிடந்தன. ஒன்றைக் கிள்ளி எடுத்துப் பார்த்தாள்.

"இது ஆரைக்கீரையெல்லோ?"

"ஓம். அந்த இனம்தான். இஞ்சை இதுக்கு நார்டூ எண்டு பேர்."

"மல்லாவியிலை குளக்கரையிலை ஆய்ஞ்சு வந்து சுண்டினனான். வேறை ஒண்டும் இல்லாத நாளிலை." இலையைத் தண்ணீரில் போட்டாள். "அதுக்காக இதிலை நான் வீடு கட்டக்கூடாதெண்டு சொல்லாதை."

"நான் சொல்லேல்லை அக்கா."

"உன்ரை முகம் சொல்லுது."

*

திங்கள் மார்கரெட் வந்தார். மணல்மூட்டைகளையும் சக்கரத் தடங்களையும் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தார். நிரஞ்சினி தனக்குத் தானே ஒரு விதி வைத்துக்கொண்டிருந்தாள். கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், என்ன செய்யலாம் என்பதைச் சொல்லக்கூடாது. கிழக்குப் பக்கத்தில் ஒவ்வொரு செடியாகக் காட்டினாள். தீவனத்துக்கென்று வெளியிலிருந்து வந்து இப்போது எங்கும் பரவியிருக்கும் கேனரிப் புல், முட்செடி, க்ளோவர், மேட்டில் வளர்கிற உள்ளூர்ப் புற்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னாள்: குளிர்காலம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தால் இது உயிரோடு இருக்குமா? அநேகமாக எதுவும் இராது. பிறகு வடிகாலைத் தாண்டி மேற்கே கூட்டிப்போனாள். அங்கே ஆரையும், கோரை வகைகளும், தண்ணீரில் மிதந்து வளரும் ஒரு புல்லும், காகிதம் போலச் சரசரக்கும் மஞ்சள் பூவும் நின்றன. அங்கே அந்தக் கேள்விக்கு அநேகமாக எல்லாவற்றுக்கும் ஆம் என்பதே பதில்.

மார்கரெட் வெகுநேரம் குனிந்து பார்த்தார். அப்படியென்றால் கிழக்குப் பக்கம் நிறைந்திருக்கவில்லை, ஆட்கள் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். நிரஞ்சினி தலையாட்டினாள்.

மார்கரெட்டின் அறிக்கையில் அது அப்படியே வந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் கம்பனி படத்தைத் திருப்பி வரைந்தது. பள்ளத்தின் மேற்குப் பாதியைச் சுற்றி வேலி. அங்கே இருந்த காணிகள் இல்லாமல் போயின. காணி போனவர்களுக்கு லொறி வீதிக்குக் கிட்ட வேறு காணி கொடுத்தார்கள்.

அதற்கிடையில் பவளராணி மறுபடி பெட்டி கட்டி, ட்ருகனினாவில் ஒரு நெருக்கமான வாடகை யூனிற்றுக்குப் போனாள். நிரஞ்சினி உதவிக்குப் போனாள். அக்கா பெட்டிகளை ஒவ்வொன்றாக அவள் கையில் தந்தாள். ஒரு சொல் பேசவில்லை. மகள் வினுஷா மட்டும் "ஹாய் சித்தி" என்றுவிட்டுக் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு நிரஞ்சினி அழைத்தால் வரதராஜாதான் எடுத்தார். "அவ வேலையாய் நிக்கிறா," என்பார்.

பள்ளமாவது பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. வேலி போட்டபோது ஆடுகளையும் அகற்றிவிட்டார்கள். இதை நிரஞ்சினி நினைத்துப் பார்த்திருக்கவில்லை. 2012 வசந்தத்தில் போனபோது வேலிக்குள் புல் அவள் நெஞ்சளவு நின்றது. அதைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனாள். கீழே வெளிச்சமே இல்லை. மஞ்சள் பூ ஒன்றும் இல்லை. ஆரை ஓரத்தில் மட்டும் வெளிறிப்போய் நின்றது. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து திறந்து வைத்திருந்த இடம் அது. ஆடுகளுக்கு முன்னர், இந்த மண்ணின் ஆதிக்குடி மக்கள் புல்லை எரித்து எரித்துத் திறந்து வைத்திருந்த இடம். ஒரு தொந்தரவும் இல்லாமல் விட்டதே இப்போது அதைக் கொன்றுகொண்டிருந்தது.

எரிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். கம்பனி யோசித்தது. நகரசபை, வீட்டுத் திட்டத்தில் குடியேறியவர்களைக் கேட்கச் சொன்னது. 2013 மார்ச்சில் கூட்டம் வைத்தார்கள். மாதிரி வீட்டின் பெரிய அறை நிரம்பியிருந்தது. புகை, பாம்பு, ஆஸ்துமாப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக எழும்பினார்கள். இந்திரகுமார் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, தமிழர்கள் இருந்த பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார். "முதல் இதுக்கெண்டு வீடு கட்ட விடேல்லை. இப்ப அதையே எரிக்கப் போயினமாம். இது என்ன விளையாட்டு?"

நிரஞ்சினி எழும்பினாள். என்ன சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்தது. அப்போது பின்வரிசையில் யாரோ கதிரையைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பவளராணி. புதுக் காணியில் அவர்களுடைய வீடு பெப்ரவரியில்தான் முடிந்திருந்தது. நிரஞ்சினியை அதற்குக் கூப்பிடவில்லை.

"என்ரை காணியைத்தான் இதுக்கெண்டு எடுத்தவை," என்றாள் தமிழிலேயே. "ஒரு வருசம் திரும்பவும் வாடகைக்கு இருந்தனான். எடுத்ததைக் கவனிக்காமல் சாகவிட்டா, நான் என்னத்துக்கு இழந்தனான்? எரிச்சாத்தான் பிழைக்குமெண்டா எரிக்கட்டும். இல்லாட்டி என்ரை காணியைத் திருப்பித் தரட்டும்."

யாரோ வெங்கட்ராமனைப் பார்த்தார்கள். அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னார். அறை கொஞ்சம் அமைதியானது. ஒரேயொரு முறை, வார நாளில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது எரிக்கலாம் என்று முடிவானது.

ஏப்ரலில் எரித்தார்கள். தீயணைப்பு வண்டி பக்கத்தில் நின்றது. தீ சடசடவென்று ஓடி, நினைத்ததைவிடக் கெதியில் முடிந்துவிட்டது. நிரஞ்சினி கரித்தரையில் அங்குமிங்கும் நடந்தாள். வேலிக்கு வெளியே பவளராணி சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போனபோது, "உடுப்பெல்லாம் காயப்போட்டு வைச்சிருந்தனான். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே," என்றாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவள் தங்கச்சியோடு நேரே பேசிய முதல் பேச்சு அது.

குளிர்கால மழைக்குப் பிறகு பள்ளம் பாதிக்கு நிரம்பியது. ஆரை நடுவரைக்கும் திரும்பியது. கோரைகள் வந்தன. மிதக்கும் புல் கொஞ்சம் வந்தது. மஞ்சள் பூ வரவில்லை. விதை மண்ணில் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். வேலிக்கு வெளியே அந்தப் பூ நின்ற நிலம் ஒன்றும் அருகில் மிச்சமில்லை.

செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு அவள் அக்காவின் புது வீட்டில் இருந்தபோது வெங்கட்ராமன் அழைத்தார். இன்னும் மேற்கே ஒரு புல்வெளி, அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, திங்கட்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அவள் சரி என்றாள். வைத்துவிட்டு எழும்பி, யன்னலடிக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

"ஓரிடத்திலை இரன்," என்றாள் பவளராணி. "என்னவாம்?"

நிரஞ்சினி சொன்னாள்.

"அங்கை ஆரின்டை காணி?"

"தெரியாது அக்கா."

"முதல்லை அதை விசாரி. செடியைப் பிறகு எண்ணலாம்."